யாரும் புதுப்பிக்காமல் விட்ட தேவாலயங்கள்: இங்கிள்ஷம் முதல் கெம்ப்ளி வரை

வியாழன், லெச்லேட்

இந்தத் தடவை கதீட்ரல்கள் கிடையாது. வழிபாடு நின்றுபோய், ஊரும் விலகிப்போய், வயல்வெளியில் தனியாக நிற்கும் இடைக்காலத் தேவாலயங்களை மட்டும் பார்ப்பது என்று கிளம்பியிருக்கிறேன். தேம்ஸ் இன்னும் சின்ன ஆறாகவே ஓடும் லெச்லேட்டில் இன்று இரவு தங்கல். இங்கிருந்து மேற்கே கிளஸ்டர்ஷர் வழியாகப் போய், ஹெரிஃபர்ட்ஷர் எல்லையை ஒட்டிய கெம்ப்ளியில் முடிப்பதாகத் திட்டம். கார் ஓட்டுவது அண்ணன். ஸ்விண்டனில் பல வருடங்களாக இருப்பவர், இந்தப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டடங்களில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. "நீ உள்ளே எவ்வளவு நேரம் வேணாலும் இரு, நான் ஆத்தங்கரையில நடந்துட்டு வரேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஏன் கைவிடப்பட்டவை மட்டும்? காரணம் இதுதான். இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் ஆயிரக்கணக்கானவை இடைக்காலத்தில் கட்டப்பட்டவை. ஆனால் உள்ளே நுழைந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில் பணமும் பக்தியும் ஒன்றாகச் சேர்ந்து, ஊர் ஊராகத் தேவாலயங்களைப் 'புதுப்பித்தார்கள்'. சுவரில் இருந்த பழைய காரையைச் சுரண்டிக் கல் தெரியவிட்டார்கள். காரையோடு அதன் மேலிருந்த ஓவியங்களும் போயின. தரையில் வழுவழுப்பான ஓடு பதித்தார்கள். பழைய இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு ஒரே மாதிரியான பைன் மரப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். அவர்களை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரை ஒழுகிச் சரிய இருந்த எத்தனையோ கட்டடங்கள் அந்தப் பணத்தால்தான் நின்றன. ஆனாலும் அப்போது பணம் வந்து சேராத ஏழைப் பங்குகளும் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி), மக்கள் குறைந்துபோன பங்குகளும் இருந்தன அல்லவா? அங்கேதான் இடைக்காலம் அப்படியே தங்கியிருக்கிறது. பின்னாளில் வழிபாடு நின்றுபோனவையும் பெரும்பாலும் அதே இடங்கள்தான்.

இவற்றை இடிந்து விழாமல் காப்பதற்கென்றே 1969-ல் ஒரு நிதியம் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட். 350க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் அவர்கள் பராமரிப்பில் இருக்கின்றன. அதற்கும் முன்னால், 1957-லேயே, நண்பர்களற்ற தேவாலயங்களின் நண்பர்கள் என்று ஓர் அமைப்பு உருவாகிவிட்டது. அந்தப் பெயரைப் படித்த நாளிலிருந்தே இப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, இங்கிள்ஷம்

லெச்லேட்டிலிருந்து தேம்ஸ் கரைப் பாதையில் நடந்தே போய்விடலாம். மார்ச் கடைசி, காற்றில் குளிர் இன்னும் விடவில்லை. எதிர்க்கரையில் வட்டமான ஒரு பழைய வீடு தெரிகிறது. 1789-ல் தேம்ஸையும் செவர்னையும் இணைத்த கால்வாய் இங்கேதான் ஆற்றில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்ட காவலாளியின் வீடு அது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், மரங்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீடும் புனித யோவான் தேவாலயமும். இடைக்காலத்தில் இங்கே இருந்த ஊர் இப்போது இல்லை.

கோபுரம் கிடையாது. மேற்குச் சுவரின் உச்சியில் இரண்டு மணிகள் தொங்கும் அளவுக்கு ஒரு சின்னக் கல் கூடு, அவ்வளவுதான். கட்டடத்தின் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய தானியக் கிடங்கு என்றுகூட நினைக்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை. இரும்புத் தாழ்ப்பாளைத் தூக்கினால் திறந்துகொள்கிறது.

உள்ளே கால் வைத்ததும் முதலில் உறைத்தது, எதுவுமே நேராக இல்லை என்பதுதான். கல் பாவிய தரை அங்கங்கே அமுங்கியிருக்கிறது. சுவர்கள் மேலே போகப் போக லேசாக வெளியே சாய்கின்றன. நடுக்கூடம் நீளத்தில் குட்டை, உயரம் அதிகம். இரண்டு பக்கமும் ஒடுக்கமான பக்கக்கூடங்கள். அவற்றின் கிழக்கு முனைகளை 15ஆம் நூற்றாண்டு மரத் தட்டிகள் மறைக்கின்றன. நடுவில் இருப்பவைதான் பெட்டி இருக்கைகள். இடுப்புக்கு மேல் உயரமான பலகைச் சுவர்கள், ஒவ்வொன்றுக்கும் கீல் வைத்த ஒரு கதவு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று உட்கார்ந்தார்கள். கணப்பு இல்லாத கட்டடத்தில் காலுக்குக் குளிர்காற்று அடிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. மணிக்கணக்கில் நடந்த பிரசங்கத்தைக் கேட்க அமர்ந்தவர்கள் அவர்கள். பிரசங்க மேடைக்கு மேலே, குரலைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவதற்காக ஒரு பலகைக் குடை இருக்கிறது. விக்டோரியா காலத்துச் சீர்திருத்தக்காரர்களுக்குப் பெட்டி இருக்கைகள் என்றாலே ஆகாது. பணக்காரனையும் ஏழையையும் பிரிக்கிறது, பீடத்தைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது என்று நாடு முழுவதும் உடைத்துப் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கே அந்தப் பலகைகளைத் தொட்டுப் பார்த்தபோது, இவை தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கதவு ஒன்றின் மேல்விளிம்பு, கை வைத்துத் திறந்து மூடியே நடுவில் குழிந்து, வெண்ணெய் மாதிரி வழவழப்பாகிவிட்டது.

இனிச் சுவர்களுக்கு வருகிறேன். இங்கே நான் அதிக நேரம் நின்றது சுவர்களைப் பார்த்துத்தான்.

இடைக்காலத் தேவாலயச் சுவர் என்றால் நம் மனதில் வருவது வெறும் கல். உண்மையில் அந்தக் காலத்தில் கல்லை வெறுமனே விடுவது அரிது. சுண்ணாம்புக் காரை பூசி, அதன் மேல் செங்காவியில் கோடுகளும் பூக்களும், கிறிஸ்துவும் புனிதர்களும், கடைசித் தீர்ப்பும் எழுதினார்கள். பின்னால் வேறொரு தலைமுறை அதன் மேல் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக எழுதியது. 1547-ல் சிறுவன் எட்வர்ட் அரசனானதும், கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் வேகம் எடுத்தது, உருவங்கள் கூடாது என்று ஆணை வந்தது. நாடெங்கும் வெள்ளை அடித்தார்கள். அந்த வெள்ளையின் மேல் இப்போது படம் இல்லை, எழுத்து: பத்துக் கட்டளைகள், கர்த்தரின் ஜெபம், விசுவாசப் பிரமாணம். எழுத்து மங்கினால் மறுபடி வெள்ளை, மறுபடி எழுத்து. இங்கிள்ஷமில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. சில இடங்களில் ஏழு அடுக்குவரை இருக்கிறதாம்.

வடக்குப் பக்கம் ஒரு சதுர அடிச் சுவரை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே தடித்த கறுப்பு எழுத்தில் ஒரு வரி, பாதி வார்த்தையோடு நிற்கிறது. அந்த எழுத்தின் கால் முடியும் இடத்தில் காரை பெயர்ந்து, அடியில் இன்னும் பழைய எழுத்து ஒன்று வேறு சாய்வில் எட்டிப் பார்க்கிறது. அதற்கும் கீழே செங்காவிக் கோடு, சட்டத்தின் ஓரமாக இருக்க வேண்டும். இன்னும் ஆழத்தில் மங்கலான ஒரு வளைவு. சிறகின் விளிம்பா, ஆடையின் மடிப்பா, சொல்ல முடியாது. அடுக்குகளின் ஓரங்கள் கண்ணுக்கே தெரிகின்றன, ஒவ்வொன்றும் நகக்கண் அளவு தடிமன். நம்மூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி, மழையில் கிழிந்து எல்லாம் ஒரே நேரத்தில் தெரியுமே, அதுபோலத்தான். என்ன, இங்கே ஒட்டி முடிக்க அறுநூறு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

ஒரு கலை நிபுணரிடம் இதை ஒப்படைத்தால் என்ன செய்வார்? அடியிலிருக்கும் 13ஆம் நூற்றாண்டு ஓவியத்தை வெளியே எடுக்க மேலே உள்ள ஆறு அடுக்குகளையும் பலி கொடுக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் விட்டதுதான் இந்த இடத்தின் பெருமை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு, 19ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்குச் சேரும்.

மாரிஸ் 1871 முதல் சாகும்வரை குத்தகைக்கு வைத்திருந்த வீடு, இங்கிருந்து சில மைல் தொலைவில் கெல்ம்ஸ்கட்டில் இருக்கிறது. 1876-ல் பக்கத்து பர்ஃபர்டில் தேவாலயத்தைப் 'புதுப்பித்துக்கொண்டிருந்த' விதத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார். அடுத்த வருடமே நண்பரான கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப்போடு சேர்ந்து பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். சுரண்டுவதை எதிர்த்ததால் அதற்கு 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்றே செல்லப் பெயர். அவர்கள் வைத்த கொள்கை எளிமையானது. பழைய கட்டடத்தைப் பழுதுபார், அதன் பழைய தோற்றம் இதுதான் என்று கற்பனை செய்து திருப்பிக் கட்டாதே. ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, மற்றதில் கை வைக்காதே.

1888-89ல் இங்கிள்ஷமில் செய்தது அதைத்தான். வேலையை மேற்பார்த்தவர் மிக்கில்த்வெய்ட் என்ற கட்டடக் கலைஞர். மாரிஸ் பணம் திரட்டினார், தன் கையிலிருந்தும் கொடுத்தார். இந்தத் தேவாலயத்தை நேசித்த வில்லியம் மாரிஸின் முயற்சியாலும் உதவியாலும் இது பழுதுபார்க்கப்பட்டது என்று உள்ளே ஒரு சிறு பலகை சொல்கிறது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களைப் பற்றி எத்தனையோ கல்வெட்டுகள் படித்திருக்கிறேன். நேசித்தார் என்று எழுதியதை வேறெங்கும் பார்த்த நினைவில்லை.

தெற்குப் பக்கச் சுவரில் பதித்திருக்கும் ஒரு சிற்பத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தக் கட்டடத்தை விடவும் பழையது, ஆங்கிலோ-சாக்சன் காலத்து, அதாவது 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முந்தைய, தாயும் சேயும். மரியாள் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. மேலேயிருந்து கடவுளின் கை ஒன்று மட்டும் இறங்கி வருகிறது. ஆடையின் மடிப்புகள் தேய்ந்துவிட்டன, ஆனால் குழந்தையை நோக்கி அவள் குனியும் அந்தக் கழுத்தின் சாய்வு அப்படியே இருக்கிறது. நெடுங்காலம் இது வெளிச்சுவரில் வெயிலிலும் மழையிலும் இருந்திருக்கிறது. யாரோ அதன் மேலேயே கோடு கிழித்துச் சூரியக் கடிகாரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த வேளை ஜெபம் எப்போது என்று தெரிய வேண்டியவர்களுக்கு அந்த வெயில் படும் கல் பயன்பட்டிருக்கிறது.

சாயங்காலம் கெல்ம்ஸ்கட் போய் மாரிஸின் கல்லறையைப் பார்த்தோம். வீட்டுக் கூரை போல இரண்டு பக்கமும் சரியும் ஒரு நீளக் கல், வெப் வடிவமைத்தது. அண்ணன் அதிசயமாக அங்கே என்னைவிட அதிக நேரம் நின்றார்.

சனி, லீ

கிரிக்லேட் பக்கத்தில் லீ என்ற ஊர். இங்கே இருப்பது அரைத் தேவாலயம்.

ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. மேற்கே மக்கள் கூடும் நடுக்கூடம், கிழக்கே பீடம் இருக்கும் சான்சல். இடைக்காலத்திலிருந்தே நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊர்மக்களின் பொறுப்பு, சான்சல் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் குருவானவரின் பொறுப்பு. ஒரே கட்டடத்தில் கிழக்குப் பாதி ஒரு நூற்றாண்டாகவும் மேற்குப் பாதி இன்னொரு நூற்றாண்டாகவும் தெரிவதற்குப் பல ஊர்களில் இதுதான் காரணம். யார் கையில் எப்போது பணம் இருந்தது என்பது சுவரில் தெரிந்துவிடும்.

லீயில் தேவாலயம் இருந்தது தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். குளிர்காலம் வந்தால் வெள்ளம். 1896-97ல் ஊர்க்காரர்கள் நடுக்கூடத்தைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துப்போய், மேடான இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். பாண்டிங் என்ற கட்டடக் கலைஞர் முன்னின்று செய்தார். 13ஆம் நூற்றாண்டுச் சான்சலை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அது இன்னும் வயலில் நிற்கிறது. நேற்றிரவு பெய்த மழையில் பாதை சொதசொதவென்று இருந்தது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வர வேண்டாம். உள்ளே ஒரே அறை, சுவர்களில் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வேத வாசகங்கள். மேற்குப் பக்கம் நடுக்கூடம் இருந்த இடத்தில் புல். கட்டடமாகப் பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடித்துத் தள்ளாமல் ஏன் கதவு போட்டு மூடி வைத்தார்கள் என்பதைத்தான் யோசித்துக்கொண்டே நடந்தேன். சுற்றிலும் கல்லறைகள் இருந்தன, அவர்களின் தாத்தா பாட்டிகள். அங்கே அடக்கச் சடங்கு நடத்தவாவது கூரையோடு ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும்.

ஞாயிறு, ஓசில்வொர்த்

காட்ஸ்வோல்டு மலைச்சரிவில், ஒரு பெரிய பண்ணை மாளிகையின் நிலத்துக்குள் இருக்கிறது மைராவின் புனித நிக்கோலஸ் தேவாலயம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சுற்றிலும் வட்டமான கல்லறைத் தோட்டம். இங்கிலாந்தில் கல்லறைத் தோட்டம் வட்டமாக இருந்தால், கிறிஸ்தவத்துக்கு முன்பிருந்தே அது புனித இடமாக இருந்திருக்கலாம் என்று சொல்வது வழக்கம். இங்கே நின்று பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

இதைத் தேடி வந்ததற்குக் காரணம் கோபுரம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கோபுரம் அறுகோணம். நார்மன் காலத்து (1066-க்குப் பின்) அறுகோணக் கோபுரம் இங்கிலாந்தில் இதை விட்டால், செல்ட்னம் அருகே ஸ்விண்டன் என்ற கிராமத்தில் ஒன்று, அவ்வளவே. (அண்ணன் இருக்கும் ஸ்விண்டன் இல்லை, இது வேறு.) ஆறு பக்கங்களும் ஒரே நீளமில்லை. கயிறு போட்டு அளந்தவர் அவசரப்பட்டாரா, அல்லது இரண்டு பக்கமும் சதுர அறைகளோடு இணைக்க வேண்டியதால் பக்கங்களை நீட்டிக் குறைத்தாரா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டாவதுதான் சரியாக இருக்கும் என்று படுகிறது. கோபுரம் நடுவில், கிழக்கே சான்சல், மேற்கே 13ஆம் நூற்றாண்டில் சேர்த்த நடுக்கூடம்.

அந்தக் கூடத்திலிருந்து கோபுரத்துக்குள் போகும் வளைவை மட்டும் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம். நார்மன் சிற்பிகளுக்குப் பிடித்தது வளைவின் மேல் மேலும் கீழுமாக மடிந்து மடிந்து ஓடும் பற்கோலம். ஆரம்ப காலத்தில் அது கல்லின் மேல் தட்டையாகச் செதுக்கியதாகவே இருக்கும். இங்கே செதுக்கியவர் அந்தப் பற்களின் பின்பக்கத்தையும் குடைந்து எடுத்துவிட்டார். கோலம் சுவரை விட்டு விலகி நிற்கிறது, ஒவ்வொரு முனைக்கும் பின்னால் நிழல் விழுகிறது. டார்ச்சைக் கீழேயிருந்து மேலே மெல்ல நகர்த்தினால் வளைவு முழுவதும் அசைவதுபோல இருக்கிறது. பழைய பாணியின் கோலம், புதிய தலைமுறையின் கைத்திறன். அந்த வளைவின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆறு சுவர்களும் மேலே போய் இருட்டில் மறைகின்றன.

திங்கள், கெம்ப்ளி

டிமக் கிராமத்தைச் சுற்றிய இந்தப் பகுதி காட்டு டாஃபடில் பூக்களுக்குப் பேர்போனது. சரியான வாரத்தில் வந்திருக்கிறோம். வரப்போரமும் தோப்புகளிலும் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூக்கள். கடையில் விற்கும் பெரிய டாஃபடில் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது.

கெம்ப்ளியின் புனித மரியாள் தேவாலயமும் ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. ஈரமான தாழ்நிலத்திலிருந்து மக்கள் மெல்ல மேட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். 1903-ல் அங்கேயே அவர்களுக்குப் புதிய தேவாலயம் வந்தது. 1970களில் இங்கே வழிபாடு நின்று, இப்போது பழஞ்சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு பராமரிக்கிறது.

வெளியே எளிமையான நார்மன் கட்டடம். பின்னால் சேர்த்த தடித்த கோபுரம், மரத்தாலான முன்மண்டபம். தெற்கு வாசலுக்கு மேலே அரைவட்டக் கல்லில் வாழ்வின் மரம். அண்ணனும் இன்று உள்ளே வந்தார், வெளியே தூறல்.

நடுக்கூடத்தின் மேலே இருக்கும் கூரை மரங்களைச் சொல்லியாக வேண்டும். மரத்தின் வளையங்களை எண்ணி ஆராய்ந்ததில் 1120க்கும் 1150க்கும் இடையில் வெட்டிய ஓக் என்று தெரிந்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் தடிமனாகும், வறண்ட வருடம் மெலியும். ஒரே வட்டாரத்து மரங்களில் எல்லாம் இந்த வரிசை ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், காலம் தெரிந்த மரத்தோடு பொருத்திப் பார்த்து வெட்டிய காலத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக்கைக் காய வைத்துக் காத்திருக்கவில்லை. பச்சையாக இருக்கும்போதே அறுத்து, துளைத்து, மரக்குச்சி அடித்து மாட்டினார்கள். ஆகவே வெட்டிய காலமே கட்டிய காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இன்னும் நிற்கும் மிகப் பழைய மரக் கூரைகளில் இது ஒன்று. கிட்டத்தட்ட தொள்ளாயிரம் வருடங்கள் அதே கைமரங்கள், அதே உத்தரங்கள் மழையைத் தாங்கியிருக்கின்றன.

சான்சல் சின்ன அறை. அதன் கூரை மரம் இல்லை, கல்லால் ஆன அரைவட்ட வளைகூரை. இப்படி ஒரு கூரை தன் பாரத்தால் பக்கச் சுவர்களை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், ஜன்னல் சின்னதாக இருக்க வேண்டும். அறைக்குள் இருட்டு சேர்கிறது, ஆனால் வெட்டுப்படாத சுவரும் கூரையும் ஓவியனுக்கு முழுதாகக் கிடைக்கிறது. அவன் ஓர் அங்குலம்கூட விடவில்லை.

கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். முதலில் தெரிவது தலைக்கு நேர் மேலே, வானவில்லின் மேல் அமர்ந்த கிறிஸ்து. சுற்றிலும் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், விளக்குத் தண்டுகள், சிறகுகளால் உடல் முழுவதும் மூடிய சேராபீன்கள் என்ற தேவதூதர்கள், நான்கு சுவிசேஷகர்களின் அடையாளங்கள். வடக்குச் சுவரில் ஆறு அப்போஸ்தலர், தெற்குச் சுவரில் ஆறு அப்போஸ்தலர், எல்லாரும் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு கழுத்துகளும் ஒரே திசையில் வளைவதால்தான் நம் கண்ணும் தானாக மேலே போகிறது. நிறம் என்று பார்த்தால் செங்காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பு வெள்ளை, கொஞ்சம் கறுப்பு. இந்த நாலைந்தை வைத்துக்கொண்டு அவன் ஆடையின் கனத்தையும் காலின் மூட்டையும் காட்டியிருக்கிறான்.

காலம் சுமார் 1120. அத்தனை வருடமும் இது உதிராமல் இருக்க வேலைமுறைதான் காரணம். இங்கிலாந்தில் பெரும்பாலான இடைக்காலச் சுவரோவியங்கள் காய்ந்த காரையின் மேல் எழுதியவை, நிறம் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் போய்விடும். இந்தச் சான்சலில் காரை ஈரமாக இருக்கும்போதே எழுதியிருக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லக் கல்லாக இறுகும். அப்போது அதில் ஊறிய நிறத்தையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். ஓவியனுக்கு ஒரு நாளில் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு காரை மட்டும்தான் பூச முடியும், தவறினால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வடஐரோப்பாவில் இவ்வளவு முழுமையாக எஞ்சியது அபூர்வம்.

கிழக்குப் பக்கம் திரும்பினால் வேறு சில உருவங்கள் உண்டு. மேலே கட்டடங்களாக வரைந்த பரலோக எருசலேம். கீழே கையில் கோலோடு இரண்டு யாத்திரிகர்கள், அவர்கள் புனிதர்கள் இல்லை, நம்மைப் போன்றவர்கள். இந்தப் பகுதியை ஆண்ட டி லேசி குடும்பத்து வால்டரும் மகன் ஹ்யூவும் என்று கருதுகிறார்கள். வால்டர் 1085-ல் ஹெரிஃபர்டில் தான் கட்டுவித்த தேவாலயத்தின் உச்சியிலிருந்து விழுந்து இறந்தவர். மகன்தான் இந்தத் தேவாலயத்தைக் கட்டியிருக்க வேண்டும். அப்படியானால் கட்டட வேலையில் உயிர் விட்ட அப்பாவை, கட்டி முடித்த சொர்க்கத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் அந்த உருவத்தின் முன் நின்றபோது வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

சீர்திருத்தக் காலத்தில் இதன் மேலும் சுண்ணாம்பு அடித்தார்கள். அழிக்க அடித்த வெள்ளையே முந்நூறு வருடம் போர்வையாக இருந்து காத்தது. 1872-ல் அப்போதைய குருவானவர் வெள்ளையை எடுத்து ஓவியங்களை வெளிக்கொண்டு வந்தார். அப்புறம் பாதுகாப்பதாக எண்ணி மேலே அரக்கு வார்னிஷ் பூசிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சுவருக்குள்ளிருக்கும் ஈரம் வெளியே மூச்சுவிட வழியில்லாமல் போனது, வார்னிஷும் கறுத்துப்போனது. 1950களில் அதை அங்குலம் அங்குலமாக எடுத்த பிறகே இப்போது நாம் பார்க்கும் நிறங்கள் திரும்பின. சுண்ணாம்புச் சுவரோடு பழகுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: அதை அடைக்கக் கூடாது. சிமெண்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் பெயிண்ட் எதைப் பூசினாலும் ஈரம் உள்ளே சிக்கி, சுவரை உள்ளிருந்தே உடைத்துவிடும்.

நடுக்கூடத்துச் சுவர்களிலும் ஓவியங்கள் உண்டு, அவை பின்னால் வந்தவை, காய்ந்த காரையில் எழுதியவை. அதனாலேயே நிறைய மங்கிவிட்டன. வடக்குச் சுவரில் ஒரு வாழ்க்கைச் சக்கரம், வட்டத்துக்குள் வட்டமாக மனித வயதின் பருவங்கள். பல வட்டங்களில் ஒன்றுமே தெரியவில்லை. எது குழந்தை, எது கிழவர் என்று அண்ணன் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். "இங்க பாரு, இதுல ஒரு ஆள் நிக்கறார்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், ஆமாம், ஒருவர் நிற்கிறார்.

திரும்பும் வழியில் 1903-ல் வந்த புதிய தேவாலயம், புனித எட்வர்ட். கட்டியவர் ராண்டல் வெல்ஸ். கான்கிரீட் காலம் தொடங்கிவிட்ட நேரத்தில் இவர் உள்ளூர்க் கல்லையும் உள்ளூர் ஓக்கையும் எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களை வைத்தே கட்டினார். மேற்கு ஜன்னல் முழுவதும் குறுக்காக ஓடும் கல் வலை, அவ்வளவு பெரிய ஜன்னல். கூரை உள்ளே தாழ்வாக இறங்கி வருகிறது. மாரிஸின் சங்கம் பழையதைத் தொடாதே என்று சொன்னது, சரி, அப்படியானால் புதிதாகக் கட்டும்போது என்ன செய்வது? அதற்கு ஒரு பதில் இங்கே கிடைத்தது. இடைக்காலத்தைப் போலச் செய்ய வேண்டாம், இடைக்காலத்தவர் வேலை செய்த மாதிரி வேலை செய்தால் போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கெம்ப்ளி புனித மரியாள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சூடு கக்காத எல்.இ.டி. டார்ச் எடுத்துப் போங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கூரையைப் பார்க்க ஒரு பைனாகுலர் இருந்தால் அப்போஸ்தலரின் முகங்கள் கிட்ட வரும். இந்தத் தேவாலயங்களில் வௌவால்கள் இருக்கலாம், அவற்றைச் சட்டம் காக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது. இருக்கைகளின் மேல் துணி விரித்திருந்தால் அதனால்தான். வெளியே வரும்போது கதவைச் சரியாகத் தாழிடுங்கள், பறவை உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாமல் செத்துப்போகும். உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். ஈயக் கூரை ஒட்டுப்போடும் செலவுக்கு அதுவும் உதவும்.